கார்டு சுமந்த பழி

24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு. வெளிவந்த காலத்தில், வீட்டில் விளையாடுகிறவர்களுக்கென்று என்விடியா விற்ற கார்டுகளிலேயே பெரியது. அதன் விலையில் நம் ஊரில் ஒரு ஸ்கூட்டரை வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். அதைப் பொருத்திக்கொண்டு விளையாட்டைத் திறந்தால், ஷேடர்கள் தயாராகும் கட்டத்திலேயே எல்லாம் மூடிக்கொள்கிறது. திரையில் ஒரு சின்னப் பெட்டி: வீடியோ நினைவகம் போதவில்லை.

2023 கடைசியிலிருந்து 2024 நடுப்பகுதி வரை இந்தப் பெட்டியைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். ஃபோர்ட்நைட், ஹாக்வார்ட்ஸ் லெகசி, டெக்கன் 8 என்று அன்ரியல் என்ஜினில் உருவான விளையாட்டுகளில்தான் தொல்லை அதிகம். 24 ஜிபியே போதாது என்றால் வேறு எந்தக் கார்டில் இதை ஆடுவது? டிரைவரைப் புதுப்பித்தார்கள். பழைய டிரைவரைத் தடயமில்லாமல் துடைத்தெடுக்கும் டிடியூ மென்பொருளை ஓட்டினார்கள். விண்டோஸை ஃபார்மட் போட்டார்கள். சிலர் கார்டையே திருப்பிக் கொடுத்து வேறு கார்டு வாங்கி வந்தார்கள். புதுக் கார்டிலும் அதே பெட்டி.

குறை கார்டில் இல்லை. பிராசஸரில் இருந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், முக்கியமாக விலை கூடிய ஐ9 வகைகளில்.

பிராசஸர் செய்த தப்புக்குக் கார்டின் பெயரில் ஏன் பிழைச் செய்தி வர வேண்டும்? இன்றைய பெரிய விளையாட்டுகள் சில 100 ஜிபிக்கும் மேல் இடம் பிடிக்கின்றன. அவ்வளவையும் விரித்தபடி வைக்க முடியாது. சுருக்கித்தான் கட்டி வைத்திருப்பார்கள். அன்ரியல் என்ஜினில் அந்தச் சுருக்கும் வேலையை ஊடுல் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. விளையாட்டு தொடங்கும்போது பிராசஸரின் கோர்கள் எல்லாம் சேர்ந்து அந்த மூட்டைகளைப் பிரிக்கின்றன. பிரிக்கும்போது ஒரு பிட் மாறினாலும் சரக்கு கெட்டுவிடும். கெட்ட சரக்கு கார்டின் வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்பது விளையாட்டுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் அதற்குச் சொல்லத் தெரிந்த புகார் ஒன்றுதான், கார்டில் இடமில்லை என்பது.

ஊடுலை எழுதிய ராட் கேம் டூல்ஸ் குழுவினர் இதைத் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்தார்கள்: இது தங்கள் மென்பொருளின் பிழையல்ல, வன்பொருளின் கோளாறு என்று. பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில், செய்யவேண்டிய மாற்றங்களையும் கூடவே சொன்னார்கள். பிராசஸரின் உச்ச வேகத்தை இரண்டு படி குறைத்தால் பலருக்கு விளையாட்டு நிம்மதியாக ஓடியது. பிராசஸரை மெதுவாக்கியதும் கார்டில் திடீரென்று இடம் பிறந்துவிட்டது!

அதன் பிறகு நடந்தது, கல்யாண வீட்டில் பந்தி சரியில்லை என்றதும் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைப் போன்றது. 2024 ஏப்ரலில் என்விடியா தன் டிரைவர் குறிப்பிலேயே, இந்தப் பிழை வருகிறவர்கள் இன்டெல்லைக் கேளுங்கள் என்று எழுதியது. இன்டெல்லோ, மதர்போர்டு நிறுவனங்கள் மின்சார வரம்புகளைத் தளர்த்தி வைத்திருக்கின்றன என்று அந்தப் பக்கம் கைகாட்டியது. மதர்போர்டு நிறுவனங்கள் அவசர அவசரமாகப் புது பயாஸ் வெளியிட்டன. ஜூலையில், பாத் ஆஃப் டைட்டன்ஸ் என்ற டைனோசர் விளையாட்டை நடத்தும் ஆல்டரான் கேம்ஸ், தன் சர்வர்களையே போட்டி நிறுவனமான ஏஎம்டிக்கு மாற்றுவதாக வெளிப்படையாக அறிவித்தது. அதே மாதம்தான் இன்டெல் வாய் திறந்தது: பிராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோடு, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அதற்குத் திருத்தம் வந்தது. செப்டம்பரில் இன்னொரு திருத்தமும் முழு விளக்கமும் வந்தன. கூடுதல் வோல்டேஜும் சூடும் சேர்ந்து, கோருக்குள் நேரத்தை ஒழுங்குபடுத்தும் கடிகாரச் சுற்றைக் காலத்துக்கு முன்பே கிழடாக்கிவிட்டன என்பதே அந்த விளக்கத்தின் சாரம். திருத்தம் இனிமேல் வரக்கூடிய சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதை மீட்காது. உத்தரவாதத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். சந்தையிலிருந்து எதையும் திரும்பப் பெறவில்லை.

முதல் ஐ9 13900கே விற்பனைக்கு வந்தது 2022 அக்டோபரில். காரணம் வெளியே வந்தது 2024 ஜூலையில். இடையில் ஓடிய காலத்தில் துப்பறியும் வேலையைச் செய்தது யார்? காசு கொடுத்து வாங்கியவர்கள், இரவு முழுக்கக் கண் விழித்த மாணவர்கள், விளையாட்டை எழுதியவர்கள், சில யூடியூபர்கள். வீட்டுக் கணினியில் விளையாடுகிறவர் வாங்குவது ஒரு பொருளை அல்ல, ஐந்தாறு நிறுவனங்களின் பொருள்களை. பிராசஸர் ஒருவருடையது, கார்டின் சிப் இன்னொருவருடையது, கார்டு மூன்றாமவருடையது. மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், விண்டோஸ், விளையாட்டு என்று வரிசை நீள்கிறது. கோளாறு வந்தால் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் காட்டுகிறார்கள். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. இது அநியாயம். இதைச் சகித்துப் பழகிவிட்டோம் என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

நம் ஊர்க் கடைகளில் இந்த விசாரணை இன்னும் சுருக்கமாக முடிந்துவிடும். கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரிப் பையனுக்கு வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு தீர்ப்புகள். “ஃபார்மட் போட்டுடலாம் தம்பி” என்பது முதலாவது. அதிலும் சரியாகவில்லை என்றால், “கார்டு போயிடுச்சு.” இரண்டுக்கும் நடுவே, ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தும் சடங்கு ஒன்று உண்டு. அதை மட்டும் கிண்டல் செய்யக் கூடாது. ரேமின் தொடுமுனைகளில் படியும் அழுக்கு நிஜமாகவே கணினியை ஹேங் ஆக்கும். தேய்த்தால் சரியாவதும் உண்டு. அதற்குப் பெரிய நிறுவனங்களின் உதவி மையங்கள் வைத்திருக்கும் மாற்று, “லேட்டஸ்ட் டிரைவர் போட்டீங்களா சார்?” என்ற கேள்வி. அழிரப்பருக்கு இருக்கும் வெற்றி விகிதம் அந்தக் கேள்விக்கு இருக்குமா என்பது சந்தேகமே.

புது டிரைவர் என்றால் நல்ல டிரைவர் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 எண் டிரைவர், கார்டின் விசிறியைக் கட்டுப்படுத்துவதில் கோட்டைவிட்டது, கார்டுகள் கொதித்தன. விளையாட்டு நிறுவனமான பிளிசார்டே அதைப் போடாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது, என்விடியா சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் டிரைவரில் இருந்த ‘ஆன்டி லேக் பிளஸ்’ என்ற வசதியைக் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டுக்கும் நீட்டியது. அதை இயக்கிக்கொண்டு ஆடியவர்களை, ஏமாற்றி ஆடுகிறார்கள் என்று விளையாட்டின் காவல் மென்பொருள் வெளியே தள்ளியது. ஏஎம்டி அந்த வசதியையே எடுத்துவிட்டது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய விளையாட்டு புது டிரைவர் போட்ட பிறகு தடுமாறினால், ஒரு பதிப்பு பின்னால் போவதில் வெட்கமில்லை.

அப்படியென்றால் எதை நம்புவது? கணினி காட்டும் பிழைச் செய்தியைவிட, அது தடுமாறும் விதத்தை நம்பலாம். படம் சிதறுவதும் கணினி உறைவதும் ஒரே நோயல்ல.

திரையில் கட்டம் கட்டமாக நிறங்கள் தெறிக்கின்றன, புள்ளிகள் மின்னுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே அவை தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது, அது இன்னும் வேலைக்கே வரவில்லையே. கார்டின் நினைவகச் சிப்போ, கேபிளோ, மானிட்டரோதான். இதைப் பிரித்தறிய ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது: விளையாட்டுக்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு போனில் பார்ப்பது. படத்திலும் புள்ளிகள் இருந்தால் அதை வரைந்த கார்டு பக்கத்துத் தப்பு. படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் கேபிள் மீதும் மானிட்டர் மீதும் திரும்ப வேண்டும். சில நூறு ரூபாய்க் கேபிளுக்காகக் கார்டையே விற்காமல் தப்பிக்க இந்த ஒரு சோதனை போதும்.

ஒரு நொடி திரை கறுத்து, மறுபடி வந்து, விளையாட்டு மட்டும் மூடிவிட்டால் அது வேறு கதை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவலாளி இருக்கிறான். கொடுத்த வேலைக்குக் கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால், டிரைவரைத் தட்டி எழுப்பி மறுபடி தொடங்கவைப்பான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் இதே வேலையை நாமே செய்யவைக்கலாம். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு ரகசிய மூலைக்குப் போய் இரண்டு நொடியைப் பத்து நொடியாக்கும் வைத்தியம் ஒன்று நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. காவலாளியைத் தூங்கவைத்தால் திருடன் போய்விடுவான் என்று நினைப்பதுதான் அது.

படம் அப்படியே நின்று, கடைசியாக ஒலித்த சத்தம் ‘ர்ர்ர்’ என்று திரும்பத் திரும்ப அடித்தால் கணினி மொத்தமும் உறைந்துவிட்டது என்று பொருள். அங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேமை. பெட்டியில் 6000 என்று அச்சிட்டு விற்கும் டிடிஆர்5 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் அந்த வேகத்தில் ஓடும். அது வழக்கமான வேகத்தை மீறி ஓடவைக்கும் ஏற்பாடு; எல்லாப் பிராசஸர்களும் எல்லா மதர்போர்டுகளும் அதைத் தாங்கும் என்ற உறுதி கிடையாது. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடிப் பார்ப்பதும், ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 ஓட விடுவதும் காசில்லாத வேலைகள். ஒரே வேளையில் நான்கு மாற்றம் செய்துவிட்டு, எது குணப்படுத்தியது என்று தெரியாமல் முழிப்பதுதான் வீட்டு வைத்தியத்தின் பெரிய குறை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு செய்தால் பாதி வழி வந்தாயிற்று.

நீலத்திரைகூட இல்லாமல் கணினி பட்டென்று அணைந்து தானே மறுபடி எழுந்தால், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்க வேண்டும். பெரிய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவான பொழுதில், தங்கள் பெட்டியில் எழுதியிருப்பதைவிட மிக அதிகமான மின்சாரத்தை இழுத்துவிட்டு அடங்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் திறனில் 200 சதவீதத்தை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். கேபினெட்டுடன் இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸிடம் இதை எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

இங்கே நம் ஊருக்கென்றே சில சேர்மானங்கள் உண்டு. வீட்டு இன்வெர்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது வேறு பக்கம் இருந்தால் கரண்ட் போகும்போது மாறுவதற்கு எடுக்கும் இடைவெளியைக் கணினி தாங்காது. சைன் வேவ் அல்லாத மலிவு இன்வெர்டர்களோடு நல்ல எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றுக்கு ஒத்துப்போவதில்லை. கேபினெட்டைத் தொட்டால் விரல் சுர்ரென்கிறதென்றால் எர்த் சரியில்லை. அதைக் கணினிக் கடைக்காரர் அல்ல, எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், சுவரோடு ஒட்டி வைத்த கேபினெட்டுக்குள் போகும் காற்றே 38, 40 டிகிரி. வெளிநாட்டு விமர்சகர் 21 டிகிரி அறையில் அளந்து சொன்ன எண்கள் இங்கே செல்லாது. அந்தச் சூட்டில் விளையாட்டு முதல் 20 நிமிடம் ஒழுங்காக ஓடிப் பிறகு தடுமாறினால், கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு எதிரே மேசை விசிறியை வைத்துப் பார்க்கலாம். அழகாக இருக்காது, ஆனால் சூடுதான் காரணமா என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று, கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் அதன் பிறகு உலகம் முழுக்க செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் அவற்றில் பலவற்றின் நினைவகச் சிப்புகள் மாதக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தவை. செத்த கார்டை ஓவனில் வைத்து எழுப்புவது பற்றிய வீடியோக்களைப் பார்த்து, அம்மாவின் கேக் ஓவனை நோக்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எழுந்தாலும் சில வாரங்களில் மறுபடி படுக்கும், அதற்குள் ஓவனும் சமையலுக்கு ஆகாமல் போயிருக்கும்.

சில நேரம் வன்பொருளும் விளையாட்டும் கூட்டுச் சேர்ந்து ஆளைக் கவிழ்ப்பதும் உண்டு. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்ட் விளையாட்டை முன்னோட்டமாக ஆடியவர்களில் சிலருடைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் ஒரேயடியாகச் செத்தன. மெனுத் திரையில் படங்கள் கட்டுப்பாடில்லாமல் நொடிக்குப் பல நூறு வீதம் ஓடியதுதான் காரணம் என்று எல்லோரும் விளையாட்டைத் திட்டினார்கள். அமேசானும் அங்கே ஒரு வரம்பைப் போட்டது. பிறகு அந்தக் கார்டுகளில் பலவற்றை விற்ற ஈவிஜிஏ நிறுவனம், திரும்பி வந்த இரண்டு டஜன் கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மின்சாரத்தைப் பகிரும் பகுதியில் பற்றவைப்பே சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, புதுக் கார்டுகள் கொடுத்தது. இந்தத் துறையில் ஒரு நிறுவனம் தன் தப்பைத் தானே அறுத்துப் பார்த்துச் சொன்ன அரிய தருணங்களில் அது ஒன்று. அடுத்த ஆண்டே ஈவிஜிஏ கிராபிக்ஸ் கார்டு தொழிலை விட்டுப் போய்விட்டது என்பது வருத்தமான பின்குறிப்பு.

விளையாட்டு மட்டுமே குற்றவாளியாக இருந்ததற்கும் சாட்சி உண்டு. 2015 ஜூன் 23 அன்று வெளியான பேட்மேன்: ஆர்க்கம் நைட், கணினியில் ஆடவே முடியாத நிலையில் வந்தது. எவ்வளவு பெரிய கார்டு வைத்திருந்தாலும் திணறியது. நொடிக்கு 30 படங்கள் என்று பூட்டும் போட்டிருந்தார்கள். அதை வெளியிட்ட வார்னர் நிறுவனம் மறுநாளே விற்பனையை நிறுத்தியது, அக்டோபர் 28 வரை திரும்பவில்லை. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில்தான், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்திருந்தது. வாடிக்கையாளரிடம் ஒரு ஆயுதம் இருந்தால் நிறுவனம் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு அந்த ஒரு நாள் போதுமான உதாரணம்.

மென்பொருளுக்குக் கிடைத்த அந்த ஆயுதம் வன்பொருளுக்கு இல்லை. கார்டைத் திருப்பி அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருந்து, ‘சோதித்ததில் குறை இல்லை’ என்ற சீட்டோடு அதே கார்டு வரும். என்ன சோதித்தார்கள், எத்தனை மணி நேரம், எந்த விளையாட்டில், எத்தனை டிகிரியில் என்று சீட்டில் இருக்காது. அதைக் கட்டாயமாக்க வேண்டும். தெரிந்த குறையை நிறுவனம் எந்த நாளில் அறிந்தது, எந்த நாளில் வெளியே சொன்னது என்ற இரண்டு தேதிகளும் பொதுவில் இருக்க வேண்டும். 13ஆம் தலைமுறையின் ஆரம்பகாலச் சிப்புகளில் ஆக்சிஜனேற்றக் குறை ஒன்று இருந்ததையும், அதை 2023இலேயே தொழிற்சாலையில் சரிசெய்துவிட்டதையும் இன்டெல் பொதுவில் சொன்னது 2024 ஜூலையில்தான். கார் நிறுவனம் பிரேக்கில் இப்படிச் செய்திருந்தால் ஊர் சும்மா இருந்திருக்குமா? விளையாட்டுச் சாமான்தானே என்ற அலட்சியம்தான் இதைக் காப்பாற்றுகிறது. அதே பிராசஸரில் வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவரும் கட்டட வரைபடம் போடுபவரும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் வரும் சேதத்துக்குத் தயாரிப்பாளரையும் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தும் தொடங்கலாம். கார்டுக்காக ஒருவர் இவ்வளவு தூரம் போவாரா என்று கேட்கலாம். போகிறவரின் கையில் தேதி போட்ட அந்த நோட்டும், ஸ்கிரீன்ஷாட்டும், பதிவேட்டின் நகலும் இருந்தால், ‘குறை இல்லை’ சீட்டை விட அவற்றுக்கு எடை கூடுதல்.

இன்டெல் விவகாரம் இன்னும் முடிந்துவிடவில்லை. அந்தப் பிராசஸர்கள் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, கைமாறியும் வருகின்றன. 2022 அக்டோபரில் பெட்டியோடு வாங்கிய ஐ9க்கு, நீட்டிய உத்தரவாதம் 2027 அக்டோபர் வரை உண்டு. கடையில் அசெம்பிள் செய்து வாங்கியவர்கள் ரசீதைத் தேடி எடுத்து வைக்கலாம். பயாஸைப் புதுப்பித்த பிறகும் அந்தச் சின்னப் பெட்டி வருகிறதென்றால், கார்டை விட்டுவிட்டுப் பிராசஸரைத்தான் மாற்றித் தரக் கேட்க வேண்டும். பயாஸ் புதுப்பிக்கும்போது மட்டும் கரண்ட் நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டும் கூடச் சேர்ந்து போகலாம், அதை எந்த உத்தரவாதத்தில் சேர்ப்பது என்ற வழக்கு புதிதாக ஆரம்பமாகும்.